ஃபோம் கவசத்துக்கு எந்தப் பூச்சு? வளையும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

"எதுக்கும்மா பெயின்ட்டு? மரத்துக்கா, இரும்புக்கா, சுவத்துக்கா?"

எங்கள் ஏரியா பெயின்ட் கடை அண்ணாச்சி முதல் தடவை இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பையில் இருந்த ஃபோம் துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் மடக்கி விட்டார். அது துள்ளிப் பழையபடி நிமிர்ந்தது. "இது வளையுதேம்மா. வளையுற சாமானுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று திரும்பி அலமாரியைப் பார்த்தார்.

காஸ்ப்ளே, அதாவது சினிமா, காமிக்ஸ், வீடியோ கேம் பாத்திரங்களைப் போல வேடம் கட்டுவது. அதற்கான கவசத்துக்கு வண்ணம் பூசுவதில் இருக்கிற சிக்கல் முழுவதையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மரமும் இரும்பும் சுவரும் நின்ற இடத்தில் நிற்பவை. அவற்றுக்கான பெயின்ட் காய்ந்து இறுக இறுக நல்லது. நாம் கையில் எடுப்பதோ செருப்புக்கும் தரைப்பாய்க்கும் பயன்படுகிற ஈவிஏ ஃபோம். அதை உடம்பில் கட்டிக்கொண்டு கையைத் தூக்குகிறோம், உட்காருகிறோம், படியேறுகிறோம், போட்டோவுக்காக வாளை ஓங்கி நிற்கிறோம். மேலே இருக்கிற பூச்சும் கூடவே வளைந்தாக வேண்டும்.

2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதல்முறையாக, காமிக்ஸ் ரசிகர்கள் வேடம் கட்டிக் கூடும் காமிக் கான் விழா வந்த பிறகு, கவசம் செய்கிறவர்கள் நம் ஊரிலும் கூடியிருக்கிறார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தப் பெயின்ட் நல்லது? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: அந்தத் துண்டு உடம்பில் எங்கே உட்காரப்போகிறது? தலைக்கவசம், முழங்காலுக்குக் கீழே வரும் கால்கவசம், வாள், கேடயம் இவை ஏறக்குறைய வளைவதே இல்லை. மார்புக்கவசம் நடுவில் அசையாது, ஆனால் அக்குள் ஓரமும் இடுப்பு ஓரமும் ஓயாமல் மடங்கும். தோள்கவசம், முழங்கை, இடுப்பிலிருந்து தொங்கும் பட்டைகள் ஆகியவற்றுக்கு நாள் முழுக்க வேலைதான். இவை எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவைத் தேடுவதால்தான் பணமும் போகிறது, கவசமும் போகிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் தங்கைக்கு ஒரு வீடியோ கேம் வீராங்கனையின் மார்புக்கவசம் செய்தேன். 5 மி.மீ. ஃபோம், நல்ல வடிவம், நேர்த்தியான ஒட்டு. மேலே வெள்ளை மரப்பசையைக் கெட்டியாக இரண்டு கோட், அதன்மேல் வெள்ளி ஸ்ப்ரே. வீட்டில் கண்ணாடி முன் நின்றபோது இரும்பு என்றே தோன்றியது. விழாவில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "அக்கா, இங்க என்னவோ குத்துது" என்று கையைத் தூக்கினாள். அக்குள் ஓரத்தில், தோசைக்கல்லில் மிஞ்சிய மாவு காய்ந்து சுருண்டு எழும்புமே, அதுபோல வெள்ளிப் படலம் விளிம்பிலிருந்து எழும்பி நின்றது. அடியில் ஃபோமின் கறுப்பு தெரிந்தது. ஒரு சில்லைத் தொட்டேன், அதோடு சேர்ந்து இன்னும் நான்கு விரல் அகலத்துக்கு உரிந்து வந்தது. மாலைவரை அவள் கையைத் தூக்காமலே நின்றாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பூச்சையும் வெட்டுத்துண்டில் பூசி, மடக்கி, கிழித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

பூசுவதற்கு முன் ஒரு வேலை

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வேலையைத் தவிர்க்க முடியாது. ஈவிஏ ஃபோமுக்குள் இருப்பவை மூடிய காற்றறைகள். கத்தியால் வெட்டிய விளிம்பிலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்திலும் அந்த அறைகள் திறந்துகொண்டு பெயின்ட்டைக் குடிக்கும். மேலாகச் சூடு காட்டினால் அவை சுருங்கி மூடிக்கொள்ளும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இஸ்திரி போடுவதுபோல ஓட்டிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருந்த பரப்பில் லேசான மினுமினுப்பு ஓடும். அது தெரிந்ததும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். நின்றுவிட்டால் ஃபோம் குழிந்து கருகும், மோசமான புகையும் வரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். வடிவத்துக்காக வளைக்க வேண்டிய துண்டுகளையும் இதே சூட்டில் வளைத்து முடித்துவிடுங்கள், ஏனென்றால் பூச்சு ஏறிய பிறகு மறுபடி சூடு காட்ட முடியாது.

சூடு காட்டுவதற்கு முன்னால், ஒட்டிய இடத்தில் வழிந்த ரப்பர் பசையையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் சீராக உட்காராது, தழும்பு மாதிரி தனியாகத் தெரியும்.

சீல் செய்வது: உண்மையான தேர்வு இங்கேதான்

சூடு காட்டிய ஃபோமுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் ஒரு படலம் வேண்டும். கவசம் நிலைப்பதும் உரிவதும் இந்தப் படலத்தைப் பொறுத்தது. வண்ணத்தைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

எல்லோரும் முதலில் எடுப்பது வெள்ளை மரப்பசை. ஃபெவிகால் என்ற பெயரை நாம் எல்லா வெள்ளைப் பசைக்கும் வைத்துவிட்டோம். பாலிவினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தண்ணீரில் கலந்து நிற்பதுதான் அது. என் முதல் கவசம் உரிந்ததற்குக் காரணம் பசை அல்ல, நான் அதை அப்படியே கெட்டியாக அப்பியதுதான். பாதிப் பசை, பாதித் தண்ணீர், மோர் பதத்தில் கலக்கி, நாலைந்து மெல்லிய கோட்டாகக் கொடுத்தால் ஓரளவு வளைந்து கொடுக்கும். வாடை கிடையாது. அடுக்குமாடி வீட்டில், குழந்தை இருக்கிற வீட்டில், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்துகூடப் பூசலாம். பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவினால் போதும். விலையும் இந்த வரிசையிலேயே குறைவு.

அதன் எதிரி நம் ஊர்க் காற்று. சாதாரண வெள்ளைப் பசைப் படலம் ஈரப்பதத்தில் இளகும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஒரு கோட் காய அரை நாள் எடுத்துக்கொள்ளும். வியர்வை படும் உள்விளிம்பு பிசுபிசுக்கும். இரண்டு தோள்கவசங்களை முகத்தோடு முகம் வைத்துப் பையில் அடுக்கினால், வெயிலில் நின்ற வண்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் தோல் இன்னொன்றில் இருக்கும். மரைன் என்று எழுதிய, தண்ணீர் தாங்கும் வகைப் பசை இந்த விஷயத்தில் மேல். கால்கவசம், கேடயம், தலைக்கவசத்துக்கு வெள்ளைப் பசையே போதும் என்பது என் முடிவு. அக்குளுக்கும் முழங்கைக்கும் வேண்டாம்.

அடுத்தது ரப்பர் ஸ்ப்ரே. வெளிநாட்டுக் காஸ்ப்ளேயர்கள் வீடியோவில் காட்டுகிற பிளாஸ்டி டிப் இந்த வகை. காரின் சக்கரத்தின் மேல் அடித்து, வேண்டாதபோது உரித்து எடுப்பதற்காகப் பெரிதும் பயன்படுகிற பூச்சு இது. நாலைந்து மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரைமணி நேரம். காய்ந்தால் ஃபோமின் துளைகள் மறைந்து மழமழவென்று கறுப்பாக இருக்கும். ஃபோமை எவ்வளவு மடக்கினாலும் வெடிக்காது. வளைகிற இடத்துக்கு இதைவிட நேர்த்தியான பரப்பு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் இதையே அடிக்கக் கூடாது? மூன்று காரணம். ஒரு முழுக் கவசத்துக்கு ஒரு கேன் போதவே போதாது, ஒரு கேன் விலையில் மாதக்கணக்குக்கு வெள்ளைப் பசை வாங்கலாம். இரண்டாவது, உரிந்து வரும் குணம் அதற்கு இயல்பு. விளிம்பில் ஒரு நகக்கீறல் விழுந்தால் அங்கிருந்து தோல்போலக் கிளம்பும். விளிம்பின் பின்பக்கம்வரை மடித்து அடித்தால் இது குறையும். மூன்றாவது, அதன் மேல் எண்ணெய் எனாமல் பூசினால் நாள்கணக்கில் பிசுபிசுப்பு மாறாமல் கிடக்கும். மேலே அக்ரிலிக் மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்றாவது தொல்லை இல்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அதைக் காட்டிக்கொடுத்தது அந்த அண்ணாச்சிதான். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, "மொட்டை மாடிக்கு அடிக்கிறது ஒண்ணு இருக்கு. வெயில்ல தளம் விரியும் சுருங்கும் பாருங்க, அதுக்குக் கூடவே விரிஞ்சு சுருங்கும். உங்க சாமானுக்கு அது சரிப்படுமா பாருங்கம்மா" என்றார். மாடித் தளத்து வாட்டர் புரூஃப் பூச்சு. எலாஸ்டோமெரிக் என்று டப்பாவில் எழுதியிருக்கும். அதுவும் அக்ரிலிக்தான், ஆனால் காய்ந்த பிறகும் ரப்பர்போல இழுபடும்படி செய்தது. சிறிய டப்பாவே பல கவசங்களுக்கு வரும். தண்ணீர் படலாம், வியர்வை படலாம். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் கெட்டியாகப் பிடிக்கும். வெட்டுத்துண்டில் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, ஐம்பது தடவை மடக்கினேன். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஒரு கோடுகூட விழவில்லை.

குறை இருக்கிறது. கெட்டியான பூச்சு என்பதால் பிரஷ் தடம் விழும், நீங்கள் பாடுபட்டு வெட்டிய மெல்லிய வரிக்கோடுகளை அடைத்துவிடும். முதல் கோட்டைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நெகிழ்த்தி, பிரஷ்ஷுக்குப் பதிலாக ஸ்பான்ஜால் ஒற்றி எடுத்தால் தடம் குறையும். ஒற்றிய பரப்பு வார்ப்பிரும்பு மாதிரி லேசான சொரசொரப்போடு வரும். பழைய போர்க்கவசத்துக்கு அது பொருத்தம், பளபளக்கும் விண்வெளிக் கவசத்துக்குப் பொருந்தாது. இன்னொன்று, அது என்றைக்கும் லேசாக ஒட்டும் தன்மையோடு இருந்து தூசியை இழுக்கும். மேலே வண்ணமும் வார்னிஷும் ஏறும்வரை துணி போட்டு மூடி வையுங்கள். நுணுக்கமான பூவேலை, எழுத்து செதுக்கிய துண்டு என்றால் அங்கே மட்டும் ரப்பர் ஸ்ப்ரே அல்லது நீர்த்த பசைக்குப் போய்விடுவேன்.

மேடை நாடகப் பொருள்களுக்கென்று வரும் ஃபிளெக்ஸ்பாண்ட் போன்ற வெளிநாட்டுப் பூச்சுகள் நல்லவை. ஆனால் இறக்குமதி விலையோடு பார்த்தால், பரிசுப் போட்டிக்காகச் செய்யும் கவசத்துக்கு மட்டுமே யோசிப்பேன். ஓவியர்கள் கேன்வாஸில் பூசும் ஜெஸ்ஸோவும், சுவருக்குப் பார்க்கும் பட்டியும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் இருக்கிற சுண்ணப்பொடி வளையாது, உடையும்.

வண்ணம்: பாட்டிலா, கேனா, டப்பாவா?

இதில் எனக்குக் குழப்பமே இல்லை. முதல் கவசம் என்றால் பாட்டில் அக்ரிலிக். ஃபெவிக்ரில், கேமல் இரண்டும் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். காய்ந்தாலும் வளையும், தண்ணீரில் கரைத்துக் கழுவலாம், தவறினால் மேலேயே திருத்தலாம், விழா நாளில் பையில் போட்டுக் கொண்டுபோகலாம். பெரிய பரப்பில் பிரஷ் தடம் விழுவதுதான் தொல்லை. முழு மார்புக்கவசத்தையும் ஒரே நிறமாக்க வேண்டுமென்றால் சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷனில் சின்ன டப்பா ஒன்றை வேண்டிய நிறத்தில் கலக்கித் தரச் சொல்லுங்கள். அதுவும் அக்ரிலிக்தான், சிறு ரோலரால் ஓட்டினால் ஒரே சீராக வரும்.

ஸ்ப்ரே கேன் வேகமானது, தடமே இல்லாதது. தலைக்கவசத்துக்கு அதன் அழகே தனி. 25, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, துண்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கும்படி கையை ஓட்டி, மெல்லியதாக மூன்று நான்கு தடவை. ஒரே தடவையில் நிறைத்துவிட நினைத்தால் வழியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காற்று ஈரமாக இருக்கும்போது லாக்கர் வகை ஸ்ப்ரே அடித்தால் மேலே பால் படிந்ததுபோல வெள்ளைப் புகை ஏறும். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிவதால் வருவது அது. மார்கழிக் காலையில் மாடியில் நின்று அடிக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள், நேர் வெயிலில் மட்டும் வேண்டாம்.

ஸ்ப்ரே அடிப்பவர்கள் முகத்தில் கைக்குட்டையோடு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. துணி முகமூடியும் சரி, என்95 முகமூடியும் சரி, தின்னர் ஆவியைத் தடுக்காது. உப்புத்தாள் தூசிக்கு என்95 போதும். ஸ்ப்ரேக்கு, ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி மாட்டிய அரைமுக ரெஸ்பிரேட்டர் வேண்டும். கேனை வெளியே தள்ளும் வாயு எரியக்கூடியது. கொசுவத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரெஸ்பிரேட்டர் வாங்கப் பணம் இல்லை என்றால் பிரஷ்ஷிலேயே முழுக் கவசத்தையும் முடியுங்கள். அழகாகத்தான் வரும்.

இதோடு தெர்மகோல் பற்றி ஒன்று. வாளின் கைப்பிடி, கிரீடத்தின் உச்சி என்று சிலர் தெர்மகோலில் செய்கிறார்கள். ஸ்ப்ரேயின் தின்னர் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நீர்த்த வெள்ளைப் பசை இரண்டு மூன்று கோட் கொடுத்து, இண்டு இடுக்கு எல்லாம் மூடிய பிறகே ஸ்ப்ரே பக்கம் போக வேண்டும்.

கதவுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமலை நான் ஒதுக்கியே வைக்கிறேன். மேலே காய்ந்தது போலிருக்கும், உள்ளே காயாது. முழுதாகக் காய்ந்த பிறகு விறைத்துக்கொள்ளும், வளைந்தால் வெடிக்கும். ஒருமுறை முதுகுத் தகடு ஒன்றுக்குத் தங்க நிற எனாமல் பூசி, இரண்டு நாள் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். மறுநாள் பிரித்தால் தங்கத்தின்மேல் அன்றைய தலைப்புச் செய்தி கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சாகியிருந்தது. அழிக்க முடியாமல் தேய்த்து எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். உள்ளே பிவிசி குழாய் வைத்த, வளையவே வளையாத வாளுக்கு வேண்டுமானால் எனாமல் பூசுங்கள். ஒரு வாரமாவது காயவிடுங்கள்.

கார், பைக் டிங்கரிங் கடையில் கொடுத்து அடித்து வாங்குவதும் ஒரு வழி. ஹார்டனர் கலந்த அந்தப் பெயின்ட் தலைக்கவசத்துக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்புத் தரும். பிளாஸ்டிக் பம்பருக்கு அடிக்கும்போது வளைவதற்காக ஒரு கலவை சேர்ப்பார்கள். அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஹார்டனர் நுரையீரலுக்கு ஆபத்தானது, அதனால் வீட்டில் நாமே முயலக் கூடாது.

இரும்பாகத் தெரிய வைப்பது

இந்தக் கட்டத்துக்காகத்தான் நான் மற்ற எல்லா வேலையையும் செய்கிறேன். செருப்பு ஃபோம் கண் முன்னால் உலோகமாக மாறும்.

வெள்ளி அக்ரிலிக்கை வெள்ளைப் பரப்பில் பூசினால் சாம்பல் நிற பிளாஸ்டிக்காகத் தெரியும். அதையே கறுப்பின்மேல் பூசினால் உலோகம். உலோக வண்ணத்தில் நிறமி குறைவு, மினுக்கும் தூள் அதிகம், அடியில் இருப்பது ஊடாகத் தெரியும். வெள்ளிக்கும் இரும்புக்கும் அடியில் கறுப்பு, தங்கத்துக்கும் பித்தளைக்கும் செம்பழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின்மேல் பூசிய தங்கம் பச்சை கலந்து சோர்ந்து தெரியும்; செம்பழுப்பின்மேல் அது கதகதப்பாக எழும்.

விலையும் நேரமும் குறைவாக வேண்டும் என்றால் உலோக அக்ரிலிக். வளைகிற இடத்திலும் பயமில்லை. உண்மையான இரும்பின் ஆழம் வேண்டும் என்றால் கிராஃபைட் தூள். பூட்டுக்குப் போடுவதற்காக ஹார்டுவேர் கடையில் விற்பார்கள். நன்றாகக் காய்ந்த மேட் (பளபளப்பில்லாத) கறுப்பின்மேல் ஒரு சிட்டிகை தூளை வைத்து, பழைய பனியன் துணியால் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் அழுக்குபோலப் பரவும். விடாமல் தேய்த்தால், துணி போகிற வழியில் கறுப்புக்குள்ளிருந்து நீலம் கலந்த சாம்பல் மினுப்பு எழும்பும். விளிம்பில் அழுத்தம் அதிகம் விழுவதால் அங்கே தானாகவே வெளுத்து, பல வருடம் கைபட்ட துப்பாக்கிக் குழல் மாதிரி ஆகும். வண்ணம் எதுவும் இந்த அழகைத் தராது. தொந்தரவு என்னவென்றால் தூள் கையிலும் சட்டையிலும் அப்பிக்கொள்ளும், வார்னிஷ் கட்டாயம், வார்னிஷ் போட்டதும் பாதி மினுப்பு இறங்கும். அதனால் வாள், துப்பாக்கி, முழங்கைத் தகடு மாதிரி கண் போகிற இடத்தில் மட்டும் கிராஃபைட், மற்ற இடத்தில் அக்ரிலிக் என்று கலந்து செய்கிறேன்.

மெழுகுப் பசையாக டியூபில் வரும் ரப் அண்ட் பஃப் விலை கூடுதல்தான். ஆனால் பட்டாணி அளவு எடுத்தால் ஒரு தோள்கவசத்தின் விளிம்பு முழுக்க வரும். விரலால் தடவலாம். தங்கக் கரை, பூவேலை மேடு ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது, முழுப் பரப்புக்கு வேண்டாம். குரோம் ஸ்ப்ரேயை நான் யாருக்கும் சொல்வதில்லை. அடியில் கண்ணாடி போன்ற பளபளக் கறுப்பு வேண்டும், ஃபோமில் அந்த வழுவழுப்பைக் கொண்டுவருவது பெரும்பாடு. கைரேகை பதியும், மேலே வார்னிஷ் அடித்தால் மங்கிவிடும்.

எது தேவை என்பதை, யார் எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள் என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள். நம் தெருக்கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் பதிப்பார்கள். இரவில், விளக்கு வெளிச்சத்தில், தெருவின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அது மின்னியாக வேண்டும். மேடைப் போட்டிக்கான கவசம் இந்தப் பக்கம்தான் சாய வேண்டும்: இருட்டும் வெளிச்சமும் அடுத்தடுத்து, பள்ளங்களில் அழுத்தமான கறுப்பு, விளிம்பில் துணிந்து வெள்ளி. அரங்குக்குள் நடந்து, பக்கத்தில் வந்து செல்ஃபி எடுக்கிறவர்களுக்கான கவசம் என்றால் மேடையில் தெரியாத மென்மை வேண்டும்.

அந்த மென்மை அழுக்கிலிருந்து வருகிறது. கறுப்போடு கொஞ்சம் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கலந்து, டீத்தண்ணி மாதிரி நீர்க்கக் கரைத்து, ஒரு சாண் அகலத்துக்குப் பூசி, அது காயுமுன் வேஸ்ட் துணியால் மேட்டைத் துடைத்துவிடுங்கள். பள்ளத்திலும் ஆணித் தலையைச் சுற்றியும் மட்டும் தங்கும். அப்புறம் உலர்ந்த பிரஷ்ஷில் துளி வெள்ளியைத் தொட்டு, காகிதத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் உரசுங்கள். உறை உரசும் வாளின் பக்கம், கை தொடும் கேடய விளிம்பு, மண் படும் கால்கவசத்தின் அடி என்று காரணம் இருக்கிற இடத்தில் மட்டும் தேய்மானம் காட்டினால் போதும். எல்லா விளிம்பையும் ஒரே அளவுக்குத் தேய்த்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

மேலே போடும் வார்னிஷுக்கு நீர் கலந்த பாலியூரித்தேன் எடுங்கள், மேட் அல்லது அரைப் பளபளப்பான சாட்டின். வளைந்து கொடுக்கும், மஞ்சள் பாரிக்காது. முழுப் பளபளப்பு வார்னிஷ் ஃபோமின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் எடுத்துக்காட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு பட்டை

இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்தில் அதே ஃபோமில் பட்டைகள் வெட்டுங்கள். சூட்டிலிருந்து வார்னிஷ்வரை, கவசத்தில் செய்யப்போகிற அத்தனையையும் அதே வரிசையில் அதில் செய்யுங்கள். தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு பூச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சண்டை போடும், அது இந்தப் பட்டையில்தான் தெரியும். இரண்டு நாள் விட்டு, பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி ஐம்பது தடவை, உள்பக்கம் இருக்கும்படி ஐம்பது தடவை மடக்குங்கள். பிறகு இரண்டு பட்டைகளை முகத்தோடு முகம் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, வெப்பமான அறையில் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சத்தமில்லாமல் பிரிந்தால் அதை நம்பிப் பையில் அடுக்கலாம். சர்சர் என்று ஒட்டிப் பிரிந்தால் வார்னிஷ் இன்னொரு கோட் வேண்டும், அல்லது மேலே லேசாக டால்கம் பவுடர் தட்டி அடுக்க வேண்டும்.

இன்று என்னிடம் ஒருவர் முழுக் கவசம் கேட்டால் நான் செய்வது இதுதான். தோள், முழங்கை, இடுப்புப் பட்டை, அக்குள் ஓரம்: மாடிப் பூச்சு இரண்டு ஒற்று, மேலே அக்ரிலிக். மார்பின் நடுப்பகுதி, கால்கவசம், கேடயம்: தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசை நீர்த்து நாலு கோட், அதன்மேலும் அக்ரிலிக். தலைக்கவசம்: ரப்பர் ஸ்ப்ரே, மேலே அக்ரிலிக் ஸ்ப்ரே. வாள்: பசை, மேட் கறுப்பு, கிராஃபைட். விழாவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் ரப்பர் ஸ்ப்ரே, மேலே பாட்டில் அக்ரிலிக். செலவு கூடும், ஆனால் காய நேரம் கிடைக்கும். ஸ்ப்ரே அடிக்க மாடியோ ரெஸ்பிரேட்டரோ இல்லை என்றால் மாடிப் பூச்சும் பசையும் மட்டுமே போதும்.

கொண்டுபோகும்போது ஒவ்வொரு துண்டையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். காகிதமும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். ஃபோம் தன் வளைவை இழக்கும், ஒட்டும் பிரியும். விமானத்தில் ஸ்ப்ரே பெயின்ட் கேனைக் கைப்பையிலும் பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள், ரயிலிலும் எரியும் பொருளுக்குத் தடை. ஆகவே விழா நாளுக்கு ஒரு சின்ன டப்பா: நீங்கள் பூசிய அதே வெள்ளியும் கறுப்பும் இரண்டு சின்ன பாட்டிலில், நகம் அளவு வெட்டிய ஸ்பான்ஜ் நாலு, ஒரு ஃபெவிக்விக், கொஞ்சம் வேஸ்ட் துணி. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழுந்ததும், அக்குள் ஓரத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.